பால் கொடுக்கும் தாய்க்கு புரோலாக்டின் 58: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 32 வயது. மகனுக்கு ஒன்றேகால் வயதாகிறது. இரவில் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். பிரசவத்துக்குப் பிறகு மாதவிடாய் மூன்று முறைதான் வந்தது. கடைசியாக வந்து 50 நாள் ஆகிவிட்டது. அடுத்த குழந்தைக்கு முயல்வதால் ரத்தப் பரிசோதனை செய்தோம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 58 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் 'இயல்பு: 25-க்குள்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூளையில் கட்டி இருந்தால் இப்படி ஏறும் என்கிறார்கள். உறவினர் ஒருவர் சாப்பிட்ட, புரோலாக்டினைக் குறைக்கும் காபர்கோலின் மாத்திரையை நானும் சாப்பிடலாமா?

பதில்: மாத்திரை இப்போது வேண்டாம். முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழந்தைக்கு முயலும் ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போய், புரோலாக்டினும் ஏறியிருந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கர்ப்பம் இல்லை என்று வந்தாலும் 58 என்னைப் பயமுறுத்தவில்லை. ரிப்போர்ட்டில் உள்ள 25 என்ற எல்லை, கர்ப்பமாகவும் இல்லாத, பாலும் கொடுக்காத பெண்களுக்கானது. நீங்கள் பால் கொடுக்கிறீர்கள். இந்த ஹார்மோனுக்கு வாழ்நாள் முழுக்கப் பொருந்தும் ஒரே அளவு என்று எதுவும் இல்லை.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் புரோலாக்டினைச் சுரக்கிறது. டோபமைன் என்ற வேதிப்பொருள் அதை எப்போதும் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளரும்போது புரோலாக்டின் ஏறும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடினாலும் ஏறும்.

பிறந்த குழந்தையின் ரத்தத்திலேயே இது மிக அதிகமாக இருக்கும். தாயின் ஹார்மோன்களின் தாக்கத்தால் சில குழந்தைகளுக்கு, ஆண் குழந்தைக்குக்கூட, மார்பு வீங்கிப் பால் போல ஓரிரு துளி கசியும். அதைப் பிழிந்து எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், சீழ் கட்டிவிடும். அந்தக் கசிவு சில வாரங்களில் தானாக வற்றிவிடும். அதன்பின் குழந்தைப் பருவம் முழுக்க புரோலாக்டின் அளவு குறைவாகவே இருக்கும். பூப்படையும் காலத்தில் பெண்களுக்கு மட்டும் கொஞ்சம் உயரும்.

பெரிய ஏற்றம் கர்ப்பத்தில்தான். முதல் மூன்று மாதத்திலேயே ஏறத் தொடங்கி, பிரசவ நேரத்தில் 200-ஐ ஒட்டி நிற்கும். சிலருக்கு அதற்கும் மேலே போகும். பிட்யூட்டரியே சற்றுப் பெரிதாகிவிடும். இவ்வளவு இருந்தும் அப்போது பால் பெருகுவதில்லை, ஏனென்றால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடை விலகி, இரண்டு மூன்று நாளில் பால் இறங்குகிறது. பிரசவத்தில் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டு, பிறகு பாலே சுரக்காமல் போனால், பிட்யூட்டரி பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். 'பால் இல்லாத உடம்பு' என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்லி விட்டுவிடக் கூடாது.

பால் கொடுக்காதவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். கொடுப்பவர்களுக்கு மாதக்கணக்கில் மெதுவாகக் குறையும். ஆனால் குழந்தை வாய் வைக்கும் ஒவ்வொரு முறையும் சட்டென்று ஏறி, பிறகு இறங்கும். இரவுத் தூக்கத்திலும் ஏறும். விடியற்காலையில் மகனுக்குப் பால் கொடுத்துவிட்டு நேராக லேபுக்குப் போயிருந்தால் 58 வருவதில் ஆச்சரியமே இல்லை. இரவுப் பால் தொடர்வதால் கருமுட்டை வெளிப்படுவதும் தாறுமாறாக இருக்கும். உங்கள் மாதவிடாய் ஒழுங்கின்மைக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வயதாகி மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு புரோலாக்டின் அளவு லேசாகக் குறையும். அந்த வயதில் இது பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை.

இன்னொன்றைக் கேட்க வேண்டும்: நெஞ்செரிச்சலுக்கோ வாந்திக்கோ ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? 'கேஸ் மாத்திரை' என்று வாங்குகிறோமே, அதில் பலவற்றில் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டுமே டோபமைனைத் தடுத்து புரோலாக்டினை ஏற்றிவிடும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மனநல மருந்துகள் சிலவும் இப்படித்தான், ஆனால் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைவும் ஒரு காரணம் என்பதால் டி.எஸ்.ஹெச். பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள்.

சரி, மறுபடி எப்படிப் பரிசோதிப்பது? தூங்கி எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பால் கொடுத்தும் சில மணி நேரம் ஆன பிறகு, பதற்றமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுங்கள். ஊசி குத்தும் பயம்கூட அளவைக் கொஞ்சம் ஏற்றும். அப்படியும் பால் கொடுக்கும் வரை எண் 25-க்கு மேல் நிற்கலாம். உண்மையான நிலவரம் பால் நிறுத்தியபின் எடுக்கும் பரிசோதனையில்தான் தெரியும்.

காபர்கோலின் நல்ல மருந்துதான், புரோலாக்டின் சுரக்கும் கட்டிகளையே சுருக்கக்கூடியது. ஆனால் அது உங்கள் பாலை நிறுத்திவிடும். உறவினருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம், அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி விடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதனால் அவசரம் இல்லை. சீக்கிரமே வேண்டும் என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்தால், இரவுப் பாலை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பலருக்கு அதுவே போதும்.

பால் நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் மாதவிடாய் ஒழுங்காகாமல், புரோலாக்டினும் இறங்காமல் இருந்தால் ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று அப்போது அவர் சொல்வார். விடாத தலைவலியோ, பக்கவாட்டுப் பார்வை மங்குவதோ இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.