பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு வேறு பாடமா?

கேள்வி: என் மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வாரம் என்ன படித்தாய் என்று கேட்டால், பாட்டுப் பாடினோம், குச்சி எண்ணினோம் என்கிறாள். அவள் செய்யும் பயிற்சிப் பக்கம் வேறு, அருகில் அமரும் தோழி செய்யும் பக்கம் வேறு. ஒரே வகுப்பில் இரண்டு பாடமா? அவள் கற்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் மகளின் வகுப்பில் நடப்பது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். பெருந்தொற்றுக் காலத்தில் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் வரை மூடிக் கிடந்ததால், எழுத்தே கூட்டத் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த குழந்தைகளை மனத்தில் கொண்டு, 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழக அரசு இதைத் தொடங்கியது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தியது. இதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் கற்கிறார்கள். நிலையை முடிவு செய்வது குழந்தையின் வயதன்று. அவளால் இன்று எதைச் செய்ய முடிகிறது என்பதே. ஆகவே பாடலும் கதையும் எல்லாருக்கும் பொதுவாக நடந்த பிறகு, பயிற்சி மட்டும் ஆளுக்கேற்ப மாறுகிறது. தோழி வேறு பக்கம் செய்வதை உங்கள் மகளின் பின்னடைவு என்று எண்ணி வருந்த வேண்டாம். அவள் நிலை எது என்பதை மட்டும் ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

குச்சி எண்ணுவதும் விளையாட்டன்று. 42-இலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டுமென்றால், பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் குழந்தை எடுத்து வைக்கிறாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்டதும் ஒரு கட்டைப் பிரிக்கிறாள், பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, மீதமுள்ள மூன்று கட்டுகளில் ஒன்று போக இரண்டு, விடை 25. ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று நாம் மனப்பாடமாகச் செய்ததன் பொருளை அவள் கையால் தொட்டு அறிகிறாள். இந்தப் படியைத் தாண்டாமல் தாளில் கணக்குப் போடச் சொல்லி வீட்டில் அவசரப்படுத்துவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

தமிழ் வாசிப்பில் வாரந்தோறும் நிகழும் முன்னேற்றம் இன்னும் நுட்பமானது. ‘படம்’, ‘பட்டம்’ ஆகியவற்றைத் தடையின்றிப் படிக்கும் குழந்தை ‘கொக்கு’ என்ற சொல்லில் நின்றுவிடக்கூடும். அதில் கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் வருகின்றன. இரண்டையும் சேர்த்து ஓர் ஒலியாகச் சொல்ல வேண்டும். இறுதியில் வரும் உகரம் வேறு சிக்கல்: கு, சு, து ஆகிய மூன்றிலும் அதன் வடிவம் மூன்று விதமாக இருக்கிறது. ஆகார வரிசைக்குக் கால் சேர்த்தால் போதும் என்பது போன்ற எளிய விதி உகரத்துக்கு இல்லாததால், அந்த வரிசை மனத்தில் தங்கக் கூடுதல் நாளாவது இயல்பே. எனவே ‘எத்தனை பாடம் முடிந்தது?’ என்று கேட்பதைவிட, அவள் இதுவரை காணாத நான்கைந்து சொற்களை எழுதி வாசிக்கச் செய்யுங்கள். பழகிய பாடத்தைக் குழந்தைகள் நினைவிலிருந்தே ஒப்பித்துவிடுவார்கள். புதிய சொல்லில்தான் உண்மை தெரியும். கல்–கால், பல்–பால் போன்ற இணைகளில் குறிலும் நெடிலும் குழம்புகின்றனவா என்று கவனித்து, எங்கே தடுமாறினாள் என்பதை ஆசிரியரிடம் சொன்னால், அடுத்த வாரப் பயிற்சிக்கு அது அவருக்கு மிகவும் உதவும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் தவறாமல் செல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அக்குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்று அங்கே கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: தனியார் பள்ளியில் முதல் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்கு நாள்தோறும் இரண்டு பக்கம் பார்த்து எழுதும் வீட்டுப்பாடம் தருகிறார்கள். இது தேவையா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தேவையில்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. இதைப் பணிவுடன் பள்ளியில் எடுத்துச் சொல்லலாம். பார்த்து எழுதுவதில் கை பழகுமே தவிர, எழுத்தின் ஒலி மனத்தில் பதிந்ததா என்பது தெரியாது. அந்த நேரத்தில் பேரனுக்கு ஒரு கதை சொல்லி, அதில் வந்த ஒரே ஒரு சொல்லை அவனாகவே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்; பிழையாக எழுதினாலும் உடனே திருத்த வேண்டாம், எழுதியதை அவனையே உரக்க வாசிக்கச் செய்யுங்கள்.