மங்க் தப்பாக வாசித்தாரா?

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் வாசிப்பைக் கேட்க ஆரம்பித்தேன். பல இடங்களில் விரல் தவறிப் பக்கத்துக் கட்டையில் பட்டதுபோல் இருக்கிறது. விரல்களை மடக்காமல் நீட்டியே வாசிக்கிறார், நடுவில் எழுந்து ஆடுகிறார். பியானோ கற்கும் என் மகள் ‘நான் இப்படி வாசித்தால் டீச்சர் திட்டுவார்’ என்கிறாள். அவருக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரியுமா?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

நன்றாகவே தெரியும். உங்கள் காதும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்தப் பக்கத்துக் கட்டையை அவர் வேண்டுமென்றே அழுத்துகிறார்.

பியானோவில் கமகத்துக்கு வழியில்லை. ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் பாடல்களைப் பாடுகிறவரின் குரலோ இரண்டு கட்டைகளுக்கு நடுவே போய் நிற்கும். மங்க் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அடித்து, சட்டென்று ஒன்றை மட்டும் விட்டுவிடுவார். மற்றது ஒலித்துக்கொண்டிருக்கும். சுரமே வளைந்து இறங்கியதுபோல் நமக்குக் கேட்கும். அப்புறம் அந்த இடைவெளிகள். வேறொருவர் பத்து சுரங்களைக் கொட்டும் இடத்தில் இவர் இரண்டை வைத்துவிட்டுக் காத்திருப்பார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த மின்டன்ஸ் கிளப்பில் பியானோ வாசித்தவர். பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி உருவான முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று. 1951இல் நண்பரும் பியானோ கலைஞருமான பட் பவலோடு இருந்தபோது போதைப்பொருள் வழக்கில் கைதானார். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மது விற்கும் இடங்களில் வாசிக்க நியூயார்க் போலீஸ் அப்போது தந்துவந்த அனுமதி அட்டை இந்த வழக்கால் பறிபோனது. சொந்த ஊர் கிளப்புகளில் ஏறக்குறைய ஆறு வருடம் வாசிக்க முடியவில்லை. மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். அந்த வருடங்களிலும் மங்க் இசைத்தட்டுகளுக்கு வாசித்தார், புதிய மெட்டுகள் எழுதினார். ஊருக்குப் பிடித்த மாதிரி தன் வாசிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. நான் அவரை மதிப்பது இதற்காகவும்தான்.

1957இல் அட்டை திரும்பக் கிடைத்ததும் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்தார். கூட்டம் அலைமோதியது. நீங்கள் பார்த்த ஆட்டத்தை அங்கேயும் ஆடினார். சாக்ஸபோன்காரர் தனியாக வாசிக்கும்போது பியானோவை நிறுத்திவிட்டு, தாளத்தை உடம்பில் வாங்கிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம். 1964இல் டைம் பத்திரிகையின் அட்டையிலும் வந்தார்.

அடுத்து அவருடைய ‘தெலோனியஸ்’ கேளுங்கள், 1947இன் பதிவு. மெட்டு பெரும்பாலும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும், அடியில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், மட்டும் மாறிக்கொண்டே போகும். மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மங்க் தனியாக வாசிக்கும் பகுதியில் இடது கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். இடது கை கீழ்ச்சுரத்துக்கும் கார்டுக்கும் மாறி மாறித் தாவும் ஹார்லெமின் பழைய ஸ்ட்ரைட் பாணி அது, கற்காமல் யாருக்கும் வராது.