பாம்புக் கூண்டுக்காக நுகர்வோர் வழக்கா?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு இணையம் வழியாக ஒருவரிடம் பால் பைதான் எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வாங்கினேன். அதற்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் மரக்கூண்டு செய்யத் தச்சரிடம் 18,000 ரூபாய் கொடுத்தேன். மழைக்காலத்தில் பிளைவுட் உப்பி, கண்ணாடிக் கதவு மூடாமல், பாம்பு இருமுறை வெளியே வந்துவிட்டது. தச்சர் பணத்தைத் தர மறுத்து அவமதிக்கிறார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். கூண்டின் அளவு சட்டப்படி போதுமா? தச்சர் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?

பதில்: தச்சர் பேசிய பேச்சையும் வீட்டுக்காரரின் கோபத்தையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் இல்லாத ஒரு செய்திதான் சட்டத்துக்கு வேண்டியது: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தப் பாம்பு உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா?

கூண்டின் அளவில் சிக்கல் இல்லை. அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது என்றாலும், அடிக்கணக்கு எதையும் அது சொல்லவில்லை. முதல் குற்றத்துக்கு அபராதமும் 50 ரூபாயைத் தாண்டாது. கடற்காற்று வீசும் ஊரில் வார்னிஷ் பூசாத பிளைவுட்டும் பூட்டில்லாத நகரும் கண்ணாடியும் மோசமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மோசமான வேலைக்காக ஆணையத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். புகாரோடு பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்வீர்கள். அதில் இன்ன தேதியில் வாங்கிய மலைப்பாம்பை என் வீட்டில் வைத்திருக்கிறேன் என்று நீங்களே எழுதிக் கையொப்பமிடுவீர்கள். தச்சரின் வழக்கறிஞர் அதன் நகலோடு வனத்துறைக்குப் போக ஒரு நாள் போதும். கிளிக்கூண்டு துருப்பிடித்ததென்று நோட்டீஸ் அனுப்பச் சொல்லி வந்த கடலூர்க் கட்சிக்காரர் ஒருவருக்கு, பச்சைக்கிளி வளர்ப்பதே குற்றம் என்பதை விளக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

பால் பைதான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024 பிப்ரவரி விதிகளும், அப்படிப்பட்ட உயிரினம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பதிவு கோருகின்றன. தவறினால் மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். விற்றவர் ‘பண்ணையில் பிறந்தது’ என்று எழுதித் தந்த வெள்ளைத்தாள் ரசீது இறக்குமதி ஆவணம் ஆகாது. 2020இல் ஆவணமே கேட்காமல் அறிவிப்பை ஏற்றுக்கொண்ட திட்டம் எப்போதோ முடிந்துவிட்டது.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. உங்களிடம் இருப்பது நம் நாட்டு மலைப்பாம்பின் குட்டியாக இருந்தால், அது அதே சட்டத்தின் முதல் அட்டவணையில், மிகக் கடுமையான பாதுகாப்பில் உள்ள உயிரினம். தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளக்கூடிய சிறை. துறையிடம் இணக்கத் தொகை கட்டி, வழக்கில்லாமல் முடித்துக்கொள்ளவும் வழியில்லை. சட்டத்தின் 57ஆம் பிரிவு, வைத்திருப்பது சட்டவிரோதம் என்றே அனுமானிக்கும்; மறுத்து நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே வேறெதற்கும் முன் அது எந்த இனம் என்று விவரம் தெரிந்தவரைக் கொண்டு உறுதி செய்யுங்கள்.

தச்சரிடம் பாதிப்பணம் கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போய்விடுங்கள். பதிவு இல்லையென்றால், ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்துபூர்வமாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரை அணுகுங்கள். அது உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பிடிபடுவதற்கு முன் தாமாக வந்தவர் என்று வாதாட இடம் கிடைக்கும், அவ்வளவே.

வீட்டுக்காரருக்குப் பயந்து கடலூரில் உள்ள நண்பர் வீட்டுக்கு அதை அனுப்பிவிடாதீர்கள். அது கைமாற்றம், அதையும் தெரிவித்தாக வேண்டும். போதாக்குறைக்கு, கடலூர் போகும் வழியில் எல்லையிலுள்ள முள்ளோடையில் மதுப்புட்டி தேடும் போலீசார் உங்கள் பெட்டியைத் திறப்பார்கள். ஏரிக்கரையில் விட்டுவிடுவதும் கூடாது. விற்றவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழிக்காதீர்கள். அந்த வெள்ளைத்தாளைத் தவிர அவரை அடையாளம் காட்ட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.