சம்மனில் உங்கள் கையெழுத்து இருக்கிறது

கேள்வி: மைத்துனரிடம் புரோ நோட்டு (கடன் உறுதிச் சீட்டு) எழுதிக் கொடுத்து 5 லட்சம் வாங்கினேன். வட்டியும் கட்டி வந்தேன். திடீரென்று கேஸ் போட்டார். சம்மனை வாங்கிக்கொண்டு போய்க் கேட்டபோது, "நோட்டு காலாவதி ஆயிடக் கூடாதுன்னுதான் போட்டேன், நீங்க கோர்ட்டுக்கு வர வேண்டாம் மாமா" என்றார். நம்பினேன். போன வருடம் நான் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைத்) தீர்ப்பாகி, இப்போது வீடு ஜப்தியாகி ஏலத்துக்கு வந்திருக்கிறது. சம்மனே வரவில்லை என்று மனு போடச் சொல்கிறார்கள். மோசடி வழக்கும் போடலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: கடிதத்தில் பாதிக்கு மேல் மைத்துனர் செய்த துரோகத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். வலி புரிகிறது. ஆனால் நிறைவேற்று மனுவை, அதாவது தீர்ப்புப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனுவை, விசாரிக்கும் நீதிபதியால் தீர்ப்பு சரியா தவறா என்பதற்குள் போக முடியாது. மோசடிப் புகார் கொடுத்தாலும் அதற்காக ஏலம் நிற்காது. இப்போதைக்கு அதை விடுங்கள்.

சம்மனை வாங்கியது நீங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க, சம்மன் முறையாகச் சேராதவருக்குத்தான் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். உங்களுக்குத் தீர்ப்புத் தேதியிலிருந்தே 30 நாள், அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே ரத்து மனுவோடு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் வேண்டும்.

அதில் சம்மன் வரவில்லை என்றோ, மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன் என்றோ எழுதவே எழுதாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட சம்மன் கோர்ட் கோப்பிலேயே இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அதை எடுத்துக் காட்டினால் மனு அங்கேயே விழும், பொய்ப் பிரமாணத்துக்குத் தனி நடவடிக்கையும் வரலாம். நடந்ததை அப்படியே எழுதுங்கள். சம்மனுக்குப் பிறகு மைத்துனர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வட்டி வாங்கிய வங்கிப் பதிவு ஏதாவது இருந்தால் அதுதான் பலம். வெறும் வாய்ப்பேச்சு என்றால் நம்பிக்கை குறைவு.

மனு போட்டதும் ஏலம் தானாக நின்றுவிடாது. தடை மனு தனியாக வேண்டும். தடை கிடைத்தாலும் பெரும்பாலும் ஒரு தொகையைக் குறித்த தேதிக்குள் கட்டச் சொல்லித்தான் கிடைக்கும். தேதி தவறினால் தடை போய்விடும். எத்தனையோ பேர் அந்தக் கடைசி வாரத்தில்தான் பணத்துக்கு அலைகிறார்கள்.

கடனை நீங்கள் மறுக்கவில்லை. அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: பேசி முடியுங்கள். கட்டிய வட்டியைக் காட்டி, தீர்ப்புத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் இங்கேதான் நிறையப் பேர் இரண்டாவது முறையாக ஏமாறுகிறார்கள். உறவுக்காரர்தானே என்று பெரியவர்கள் முன்னிலையில் ரொக்கமாகக் கொடுப்பார்கள். "கேஸை வாபஸ் வாங்கிக்கறேன்" என்ற சொல்லை நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் ஆணை 21, விதி 2-இன்படி, கோர்ட்டில் பதிவாகாத பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. முழுப் பணமும் கொடுத்த பிறகும் வீடு ஏலம் போகும். அதைப் பதிவு செய்யச் சொல்லி நீங்கள் மனு போடவும் பணம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்தான். ஆகவே பணம் வங்கி வழியாகவே போகட்டும். முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாக மைத்துனரும் அவருடைய வக்கீலும் கையெழுத்திட்ட மெமோ, நிறைவேற்று மனுவிலேயே தாக்கலாக வேண்டும். ஜப்தியை நீக்கிய உத்தரவின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், வில்லங்கச் சான்றில் அது ஏறியதையும் பார்த்துவிடுங்கள்.

ஒருவேளை அதற்குள் ஏலம் நடந்துவிட்டாலும், 60 நாளுக்குள் ஏல அறிவிப்பில் கண்ட தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கோர்ட்டில் கட்டி மனு போட்டால் வீட்டை மீட்கலாம். அந்த 60 நாளை நீட்டிக்கத் தாமத மன்னிப்பு மனு உதவாது.