டீசல் புல்லட் விலைக்கு வந்திருக்கிறதா?

கேள்வி: “கம்பெனி ஒரிஜினல்” டீசல் புல்லட் என்று சொல்லி விலை பேசுகிறார்கள். எப்படி உறுதி செய்வது? (தக்கலை வாசகர்)

பதில்: முதலில் ஆர்.சி.யைக் கையில் வாங்குங்கள். எரிபொருள் டீசல் என்று இருக்க வேண்டும். அப்புறம் டார்ச் அடித்து எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் அரம் போட்டு ராவியிருந்தால் பேச்சை அத்தோடு முடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கம்பெனியே டீசலாக விட்ட வண்டி டாரஸ். 325 சி.சி., வெறும் 6.5 குதிரைத்திறன். 65 கிலோமீட்டர் வேகம் தொடவே திணறும்; ஆனால் லிட்டருக்கு 70-க்கு மேல் கொடுக்கும். புகைக் கட்டுப்பாடு இறுகியதும் 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. எஞ்சின் தேய்ந்தவர்கள் பெட்ரோல் எஞ்சினை மாட்டிக்கொண்டார்கள். பெட்ரோல் புல்லட்டில் டீசல் எஞ்சினை ஏற்றியவர்களும் உண்டு. அதனால்தான் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி இவ்வளவு அபூர்வம்.

புதுப் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. நம் கடற்கரை உப்புக்காற்று தகரத்தை உள்ளிருந்து தின்னும். முட்டம் பக்கத்திலிருந்து நான் வாங்கிய டாரஸ் கண்ணாடி மாதிரி மின்னியது. வீட்டுக்கு வந்து பின் மட்கார்டின் உள்மடிப்பில் நகத்தை வைத்துக் கீறினேன். பெயின்டுக்கு அடியில் அப்பியிருந்த பட்டி அடையடையாக உதிர்ந்தது, அதற்குப் பின்னால் தகரமே இல்லை. துருவை எடுக்காமல் பட்டி பூசி விற்பது பச்சைத் துரோகம். கையோடு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

கேள்வி: பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியை ஓட்டக்கூடாதாமே? (களியக்காவிளை)

பதில்: அது டெல்லி வட்டாரத்துக்கு. இங்கே ஆர்.சி. உயிரோடு இருந்தால் போதும்.

கேள்வி: வின்டேஜ் நம்பர் வாங்கலாமா? (வடசேரி)

பதில்: முடியாது. அதற்கு வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும்.

கேள்வி: முழுப் பணமும் கொடுத்தேன். ஆர்.சி. பிறகு தருவதாகச் சொன்னவர் போனை எடுப்பதில்லை. (குளச்சல்)

பதில்: ஆர்.சி. இல்லாமல் முழுப் பணத்தையும் ஏன் கொடுத்தீர்கள்? சொந்த வண்டியை விற்ற தனியாள் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. பணம் அனுப்பிய ஆதாரத்தோடு காவல் நிலையம் போங்கள்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற டாரஸைப் பட்டறையில் வேலைக்கு விட்டோம். திரும்பி வந்தபோது அதில் வேறு எஞ்சின் இருக்கிறது. பட்டறைக்காரர் மறுக்கிறார். (மார்த்தாண்டம்)

பதில்: படித்ததும் மனசு கனத்துப்போனது, அம்மா. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆர்.சி.யிலும் பழைய இன்சூரன்ஸ் தாளிலும் எஞ்சின் நம்பர் இருக்கும். இப்போதுள்ள எஞ்சினின் நம்பரைப் படமெடுத்து, பட்டறைச் சீட்டோடு புகார் கொடுங்கள். காசு வாங்கி வேலை செய்தவர் என்பதால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, இந்த அளவு தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் போலீஸ் புகாரை நாளைக்கே கொடுங்கள். அந்த எஞ்சின் கைமாறி வேறு வண்டியில் ஏறிவிட்டால் மீட்பது கஷ்டம்.