ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம்: பிரான்சே ஏன் கைவிட்டது?

வணக்கம். மேற்கு ஐரோப்பிய நாடுகளின் படைகளை ஒன்றிணைக்கும் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம் என்ற பொதுப் படைத் திட்டத்தை 1950 அக்டோபரில் முன்வைத்த பிரான்சே 1954-இல் அதை ஏன் வீழ்த்தியது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க நெருக்கடியே காரணம் என்று கட்டுரையில் எழுதலாமா என்பதும் உங்கள் ஐயம். அப்படி எழுதாதீர்கள், அமெரிக்கா அந்த ஒப்பந்தம் நிறைவேற வேண்டும் என்றுதான் வற்புறுத்தியது.

மேற்கு ஜெர்மனிக்குத் தனி ராணுவம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்போதைய பிரெஞ்சுப் பிரதமர் ரெனே பிளவன் அத்திட்டத்தை வகுத்தார். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் உட்பட ஆறு நாடுகள் 1952 மே 27 அன்று அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆனால் 1953-இல் ஸ்டாலின் மறைந்து, கொரியப் போரும் ஓய்ந்தபின், சோவியத் அச்சத்தைவிடத் தன் ராணுவத்தையே பொது அமைப்பிடம் ஒப்படைப்பது பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலருக்குப் பெரிய இழப்பாகத் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தலைவர் டிகாலின் ஆதரவாளர்களும் கம்யூனிஸ்டுகளும் (வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள்!) சேர்ந்து எதிர்த்தனர். பிரதமர் மெண்டெஸ் பிரான்ஸ் தம் அரசின் பதவியை இதற்காகப் பணயம் வைக்கவில்லை.

1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஒப்பந்தம் முழுமையாக விவாதிக்கப்படவே இல்லை. விவாதத்தைத் தவிர்க்கும் நடைமுறைத் தீர்மானம் ஒன்று 319-க்கு 264 என நிறைவேற, எதிர்ப்பாளர்கள் அவையிலேயே நாட்டுப்பண் பாடினார்கள். உங்கள் கட்டுரைக்கு இந்தக் காட்சியே நல்ல தொடக்கம். எந்த ஜெர்மன் ராணுவத்தைத் தடுக்க நினைத்தார்களோ, அது 1955-இல் மேற்கு ஜெர்மனி மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்ந்ததன் வழியே உருவானது என்பதையும் மறக்காமல் சேருங்கள்.