ஒன்பதாவதோடு நின்ற பையனுக்கு என்ன வழி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருஷம் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன் நான். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

ஐயா, மகன் ஒன்பதாவது தேறியதோடு பள்ளியை விட்டுவிட்டான். சாட்ஸ்வர்த்தில் கடை மூலையே கதி என்று நிற்கிறான்.

ஒன்பதாவது போதும்மா. டிவெட் என்கிற அரசுத் தொழிற்கல்லூரியில் என்.சி.வி. என்ற தொழிற்சான்றிதழ்ப் படிப்பின் இரண்டாம் நிலையில் சேருங்கள், மூன்று வருஷப் படிப்பு. வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு மனுப் போடலாம்.

சுகர்ஸ் (ஹெராயின் கலந்த போதைப்பொருள்) பழக்கம் உள்ளவனைச் சேர்ப்பீர்களா?

முதலில் சிகிச்சை. போதை கிடைக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளுகிறவன் கையில் இரும்பு தேய்க்கிற கிரைண்டரைக் கொடுக்க மாட்டேன்.

பேரனுக்கு 15 வயசு. போன் திருடி மாட்டிக்கொண்டான். வாழ்க்கையே போச்சா, தம்பி?

போகவில்லை பாட்டி. 2010இல் அமலுக்கு வந்த சிறார் நீதிச் சட்டப்படி, நன்னடத்தை அதிகாரி முதலில் அவனைப் பார்ப்பார். தப்பை ஒப்புக்கொண்டு, அரசு வழக்கறிஞரும் சம்மதித்தால் ‘டைவர்ஷன்’ கிடைக்கலாம், அதாவது வழக்கு நடத்தாமல் திருந்துவதற்கான திட்டத்துக்கு அனுப்புவது. சொன்னதைச் செய்து முடித்தால் தண்டனைப் பதிவு இருக்காது. அதில் தொழிற்பயிற்சியையும் சேர்க்க முடியுமா என்று அந்த அதிகாரியிடம் நீங்களே கேளுங்கள்.

படித்துவிட்டால் கெட்ட சகவாசம் விட்டுப்போகுமா அண்ணா?

போகாது. என்னிடம் வந்த ஒருவன் முதலில் போட்ட வெல்டிங் கோழி எச்சம் மாதிரி இருந்தது. தேய்த்துவிட்டுத் திரும்பப் போடு என்றேன். நாலாவது வாரம், வெல்டிங் மேல் படிந்து ஆறின கசடு தட்டாமலே சுருண்டு முழுசாகக் கழன்று விழுந்தது, நல்ல வெல்டிங்குக்கு அதுதான் அடையாளம். அந்தத் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். படிப்பு முடிந்தது, பட்டறை கிடைக்கவில்லை. பட்டறையில் வேலை பார்த்த அனுபவம் இல்லாமல் டிரேட் டெஸ்ட் என்ற தொழில் திறன் தேர்வுக்குப் போக முடியாது, அதில் தேறினால் கிடைக்கிற ரெட் சீல் சான்றிதழும் வராது. எட்டு மாசத்தில் பழைய மூலைக்கே போய்விட்டான். பாடத்துக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்தில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். கல்லூரிகள் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்றுதான் பெருமையடிக்கின்றன. எத்தனை பேருக்குப் பட்டறை கிடைத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

பீனிக்ஸில் கம்பிக் கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பையனை எடுத்தால் எனக்கு என்ன லாபம்?

திருட்டுப் பயத்தில் வீட்டுக்கு வீடு கம்பி போடுகிற ஊர் இது, உங்களுக்கு வேலைக்கா பஞ்சம்? மெர்செட்டா என்கிற உற்பத்தி, பொறியியல் துறைப் பயிற்சி அமைப்பில் பதிந்து அப்ரண்டிஸாக எடுங்கள், மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதல் ஆறு மாசம் இரும்பை வீணடிப்பான், அதையும் கணக்கில் வையுங்கள். மேலே சொன்னேனே, அந்தப் பையன் இன்னும் சும்மாதான் இருக்கிறான். திங்கட்கிழமை கூட்டி வரட்டுமா?